சுரண்டாத பெட்டி

நான் வேலையை விட்ட அன்று பட்டறையில் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு மேஜை விளக்கு பரிசளித்தீர்கள். கண் மங்குகிறது, இனி நுணுக்கமான வேலை ஆகாது என்று ஓய்வெடுத்துக்கொண்டவனுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்த உங்கள் யோசனையைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அன்று உங்களில் ஒருவர், "சார், இவ்ளோ வருஷத்துல ரொம்ப கஷ்டமான வேலைன்னா எது?" என்று கேட்டார். நான் பஜ்ஜியில் கவனமாக இருப்பவனைப்போல இருந்து தப்பித்தேன். கேட்டவர் ஓட மறுத்த மோட்டார் எதையாவது எதிர்பார்த்திருப்பார். வெள்ளத்தில் ஊறி, சேறு அப்பிக்கொண்டு வந்த, ரேடியோவும் இசைத்தட்டும் ஒரே மரப்பெட்டிக்குள் இருக்கும் ரேடியோகிராம்களையெல்லாம் கடலூரில் நாம் பாட வைத்திருக்கிறோம். அவை கஷ்டமே இல்லை. பொறுமை வேண்டும், வெயில் வேண்டும், அவ்வளவுதான். கஷ்டமானது வேறு. பெட்டியின் சொந்தக்காரர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு, "இது எந்த ஊர் சரக்கு?" என்று கேட்பார் பாருங்கள், அந்த ஒரு நிமிடம்.

அந்தக் கேள்விக்கு நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கேள்வி முடிவதற்குள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிப்பீர்கள். கைப்பேசி ஏதோ ஒரு நாட்டின் பெயரைக் காட்டும். அதையே நீங்கள் உங்கள் குரலில், கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சொல்வீர்கள். பெட்டியின் பின்பலகையைத் திறக்காமலேயே வேலை முடிந்துவிடும்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்திருந்தார். அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், உடனே ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். பேச முடியாது என்று கையால் காட்டுவார். பாதிப் பேர் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். சிலர் தாங்களே பதிலையும் சொல்லிவிட்டு, அவர் தலையாட்டினார் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அவர் நிதானமாக மென்று, துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வரும்வரை யார் நிற்கிறாரோ அவருக்குத்தான் பதில். அந்தப் பதிலில் ஒரு சொல் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. அதனால் சிதம்பரத்தில் ஒருநாள் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த நேரம். ஜோஸ்பின் நம்மிடம் புதிதாகச் சேர்ந்திருந்தார். இதை எழுதலாமா என்று போன வாரம் அவரிடம் கேட்டேன். "எழுதுங்க சார். ஆனா அந்த டென்மார்க் விஷயத்த மட்டும் வுட்டுடுங்க" என்றார். டென்மார்க் விஷயம் கீழே வருகிறது.

மஞ்சக்குப்பத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் குமரன் என்பவர் நம் பட்டறைக்கு வந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் சிதம்பரத்தில் தனியாக இருந்தார்கள். வயதாகிவிட்டதால் இருவரையும் கடலூருக்கே அழைத்துவரப் போகிறார். சாமான்களைப் பிரிப்பதில் ஒரே ஒரு தகராறு. வீட்டில் ஒரு பழைய ரேடியோகிராம் இருக்கிறது, இடுப்புயரத்துக்கு, நாலு கால் வைத்த மரப்பெட்டி. ஒரு ஊஞ்சலும் இருக்கிறது. புது வீட்டு ஹாலில் ஒன்றுக்குத்தான் இடம்.

"அந்தப் பெட்டி அம்மாவுக்குச் சீரா வந்தது. சீமைப் பெட்டிம்பாங்க அம்மா. இல்ல, லோக்கல்னு அப்பா. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து இதே சண்டதான். பெட்டி சீமைன்னா அது வரட்டும், இல்லாட்டி ஊஞ்சல் வரட்டும்னு சொல்லிட்டேன். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்கண்ணே, சண்ட முடிஞ்சுது."

சண்டையை முடித்துவைக்க நம்மைக் கூப்பிட்டபோதே யோசித்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் வேலை குறைவு. ஒப்புக்கொண்டேன்.

வீடு கீழவீதிக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில். குமரனோடு நாங்கள் நுழைந்தபோது அவருடைய அப்பா ஊஞ்சலில் இருந்தார். வைத்தியலிங்கம், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதியைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார். அம்மா, தனம்மாள், அடுப்படியிலிருந்து வந்து, "வந்தது வந்துட்டீங்க, முதல்ல காபி குடிங்க. பெட்டி எங்கியும் ஓடிடாது" என்றார்.

"ஓடாது" என்றார் ஊஞ்சலில் இருந்தவர். "கப்பல்ல வந்த பெட்டி. தண்ணி இருந்தாதான் போவும்."

"பாத்தீங்களா தம்பி? எங்கப்பா அண்ணாகிராமத்துலேருந்து வண்டி கட்டி எடுத்தாந்து சீர்ல வெச்சாரு. சபையில எல்லாரும் கேக்க, இது சீமையிலேருந்து வந்ததுன்னு சொன்னாரு. இவுங்க வூட்டுல ஒருத்தரும் நம்பல."

"நம்பலன்னு யாரு சொன்னா? அசந்து பூட்டோம். அண்ணாகிராமத்துல துறைமுகம் இருக்குதுன்னு அன்னிக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது."

அண்ணாகிராமம் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் விளைகிற ஊர். அங்கிருப்பவர் கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏற வேண்டும். ஜோஸ்பின் சிரித்துவிட்டு, அம்மா பார்ப்பதைக் கண்டு இருமினார்.

காபிக்குப் பிறகு அடை வந்தது. அடைக்குப் பிறகு வாழைப்பழம். நான் பெட்டிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் தனம்மாள் ஒரு தட்டோடு குறுக்கே வந்தார். உபசாரம் என்றுதான் நினைத்தேன். குமரன் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு, "அம்மா, அண்ணன் சாப்புட வரல" என்றபோதுதான் வழி கிடைத்தது.

பெட்டி அழகானது. கருஞ்சிவப்பாகப் பாலிஷ் ஏறி, மூடியின் விளிம்பெல்லாம் கை பட்டு மழுங்கியிருந்தது. முன்பக்கம் சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தது. நான் பின்பலகையின் திருகுகளைக் கழற்றி வரிசைப்படி டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஜோஸ்பின் படம் பிடித்துவிட்டார்.

"சார், டென்மார்க். தேக்கு."

கைப்பேசிக்கு மூக்கு கிடையாது. எனக்கு உண்டு, அதுவும் பண்ருட்டியில் வளர்ந்த மூக்கு. பின்பலகை திறந்ததும் ஒரு நெடி வந்தது. பெட்டியின் உட்புறம் முழுக்கக் கறுப்பாக எதையோ பூசியிருந்தார்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய் அது. கரையான் ஏறாமல் இருக்க எங்கள் பக்கத்துத் தச்சர்கள் பூசுவார்கள். தொட்டால் தோல் கொப்பளித்துவிடும், அதனால் டென்மார்க்கில் யாரும் ஆசைப்பட்டுப் பூசியிருக்க மாட்டார்கள். இன்னும் ஒன்று: அடியில் ஒரு திருகைக் கழற்றியபோது கூடவே கொஞ்சம் மரத்தூள் உதிர்ந்தது. மஞ்சள் நிறம். பலாமரம் வெளியே வருஷக்கணக்கில் கறுத்துச் சிவந்து தேக்குபோல ஆகிவிடும். உள்ளே அதன் மஞ்சள் அப்படியே இருக்கும்.

இசைத்தட்டைச் சுழற்றும் மோட்டார் மட்டும் அசல் வெளிநாடு. வார்ப்பிலேயே நாட்டின் பெயர் பதிந்திருந்தது. ஆக, யந்திரம் கப்பலில் வந்தது. பெட்டி மாட்டு வண்டியில் வந்தது.

மரத்தூளைத் துணியில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மற்ற வேலை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மதியத்துக்குள் மோட்டார் ஓடியது, வால்வுகள் ஒளிர்ந்தன. மழை ஈரத்தில் இருந்த பெட்டி சூடேறச் சூடேற, அந்த முந்திரி நெடி கூடம் முழுக்கப் பரவியது. ஜோஸ்பின் ஒரே தாவில் பிளக்கைப் பிடுங்கினார்.

"டிரான்ஸ்பார்மர் எரியுது சார்."

நான் வாயைத் திறக்கும் முன் ஊஞ்சலிலிருந்து குரல் வந்தது. "எரியலம்மா. மழ பெஞ்சா அது அப்படித்தான் வாசன வுடும். போட்டு வுடு."

அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பத்திரிகையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவருக்குத் தெரியும். பண்ருட்டிப் பக்கம் பெண் எடுத்தவர், மாமியார் வீட்டு முந்திரித் தோப்புக்குப் போய் வந்தவர், அந்த வாசனை எதனுடையது என்று தெரியாமலா ஒவ்வொரு மழைக்கும் முகர்ந்துகொண்டிருந்தார்?

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து, "தம்பி, மீட்டர் பெட்டியக் காட்டுறேன் வாங்க" என்று என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். மீட்டர் பெட்டி வாசலில் இருந்தது. உள்ளே வரும்போதே நான் பார்த்திருந்தேன்.

"சீமைன்னு சொல்லிடுங்க" என்றார்.

"அப்ப உங்க ஊஞ்சல்?"

"ஆடுனது போதும். தல சுத்துது."

அவர் கிணற்றுக் கட்டையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அன்னிக்கு சபையில எங்கம்மாதான் கேட்டாங்க, 'எந்தத் தச்சன் செஞ்சது சம்பந்தி?'ன்னு. ஒரு மாதிரியா கேட்டாங்க. அந்த வருஷம் அவருக்கு முந்திரி சரியா காய்க்கல. எப்படியோ மெஷின மட்டும் வாங்கிட்டாரு. பெட்டிக்கு என்னா பண்ணுவாரு? நாலு பேரு முன்னால கேட்டதும், 'கப்பல்ல வந்ததும்மா'ன்னுட்டாரு. அத எங்கம்மா சாவுற வரைக்கும் வுடல. அப்புறம் நான் புடிச்சிக்கிட்டேன். எங்கம்மா குத்துறதுக்குச் சொன்னாங்க. நான் சும்மா வெளையாட்டுக்கு. அவளும் பதிலுக்குப் பதில் பேசுவா. பொழுது போவும். இப்ப இந்தப் பையன் ஆள் வெச்சி முடிவு கேக்கறான். நீங்க லோக்கல்னு சொல்லிட்டா, அவுங்கப்பா சபையில பொய் சொன்னாருன்னு ஆயிடும் தம்பி. நான் சொல்றது வேற, நீங்க சொல்றது வேற."

"சார், நான் பொய் சொல்ல முடியாதே."

"கணக்கு வாத்தியாரு நானே கேக்கறேன்" என்றார். "ஒரு தடவ தப்பாப் போட்டா என்னா?"

உள்ளிருந்து தனம்மாளின் குரல் வந்தது: "மீட்டர் வாசல்ல இருக்குது மாமா."

நாங்கள் கூடத்துக்குத் திரும்பினோம். குமரன் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு உள்ளே வந்து நின்றார். "ம், சொல்லுங்கண்ணே. கெளம்பணும்." வைத்தியலிங்கம் ஊஞ்சலில் உட்கார்ந்தார், ஆனால் ஆடவில்லை. தனம்மாள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றார். அன்றைக்கு முதல்முறையாக அவர் கையில் தட்டு இல்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

சீமை என்று சொன்னால் பொய். நாளைக்கு அந்தக் குடும்பத்தில் யாராவது பெட்டியைக் கைமாற்றினால் அந்தப் பொய் நம் பட்டறையின் பெயரோடு போகும். லோக்கல் என்று சொன்னால் உண்மை. ஆனால் நிலையில் சாய்ந்து நிற்கிற அந்த அம்மாவின் முகத்தில் என்ன ஆகும் என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. தெரியாது என்று சொல்வதும் பொய்தான். திருப்பாதிரிப்புலியூர்க்காரராக இருந்தால் இந்நேரம் வெற்றிலை வாய்க்குள் போயிருக்கும்.

கேட்டது யார் என்று யோசித்தேன். குமரன்தான் கேட்டார். பெட்டியோடு வாழ்ந்த இருவரில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. ஒருவர் காலையிலிருந்து சாப்பாடு போட்டே தள்ளிப்போட்டார். இன்னொருவர் பதிலை அவரே எழுதிக் கொடுத்தார்.

"மோட்டார் கப்பல்ல வந்ததுதான்" என்றேன். "அதுல சந்தேகமே இல்ல. ஊர் பேரு அதுலயே இருக்குது, யாரு வேணா பாத்துக்கலாம்."

தனம்மாள் கணவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"பெட்டியப் பத்தி நான் சொல்லி நீங்க கேட்டுக்கறதவிட, நீங்களே கண்ணால பாக்கறது நல்லது. ஒரு ஓரத்துல பாலிஷக் கொஞ்சம் சுரண்டணும். கட்டைவிரல் அகலம் போதும். உள்ள என்னா மரம்னு ஒடனே தெரிஞ்சிடும். அப்புறம் யாரும் எதுவும் பேச முடியாது." பிறகு கேட்டேன்: "சுரண்டட்டுமா?"

இந்த இடத்தில் ஜோஸ்பினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் அவ்வளவு சுறுசுறுப்பான ஆளை நான் பார்த்ததில்லை. நான் கேள்வியை முடிப்பதற்குள் பையிலிருந்து பிளேடை எடுத்து, பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, சந்தனப் பொட்டுக்குக் கீழே ஒரு நல்ல இடமாகப் பார்த்து வைத்துவிட்டார்.

"வேணாம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வைத்தியலிங்கம் ஊஞ்சலைவிட்டு எழுந்தேவிட்டார். ஊஞ்சல் பின்னால் போய் வந்து அவர் முழங்காலில் இடித்தது.

"என்னாப்பா இது?" என்றார் குமரன். "இதுக்குத்தான அண்ணனக் கூப்புட்டு வந்தேன்?"

"சுரண்டுனா பாலிஷ் பூடும்டா."

"ஆமாம், பாலிஷ் பூடும்" என்றார் தனம்மாள்.

"ஒரு கட்டைவிரல் அகலம்மா."

"அந்த எடத்துலதான் நான் பொட்டு வெப்பேன்."

அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்று குமரன் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

வைத்தியலிங்கம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "சுரண்டாத பெட்டிய லோக்கல்னு எப்படிச் சொல்றது? நிரூபணம் இல்ல. பெட்டி வரட்டும்" என்றார்.

"ஊஞ்சலு?" என்றார் தனம்மாள்.

"பலகைய மட்டும் எடுத்துக்கறேன். பெட்டிக்குப் பக்கத்துல பெஞ்சாப் போட்டு ஒக்காந்துக்கறேன். அப்பதான் வாசன நல்லா வரும்."

"என்னா வாசன?"

"சீமை வாசன."

ஜோஸ்பின் இன்னும் மண்டியிட்டே இருந்தார். நான் அவர் தோளைத் தொட்டபிறகுதான் பிளேடை உறைக்குள் போட்டார்.

குமரனின் காரில் ஏறாமல் பஸ்ஸிலேயே திரும்பினோம்; ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. பரங்கிப்பேட்டைக்குச் சாலை பிரியும் இடம் வரை ஜோஸ்பின் கைப்பேசியில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சார், அது டென்மார்க் இல்லியா?" என்றார்.

"இல்ல."

"தேக்கும் இல்லியா?"

பையிலிருந்து துணியை எடுத்து மஞ்சள் தூளைக் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். "பலா" என்றார், வருத்தமாக. கொஞ்ச நேரம் கழித்து, "தெரிஞ்சே ஏன் சார் சொல்லல? நம்ம வேலையே அதான?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உங்களுக்கும் இப்போது அதுதான் தோன்றும்.

நம் வேலை கண்டுபிடிப்பது. அதில் பிழை வரக் கூடாது. அந்தப் பெட்டியை நாளைக்கு ஒருவர் வாங்க வந்து கேட்டால், மரம் பலா, கட்டியது உள்ளூர்த் தச்சர், மோட்டார் மட்டும் வெளிநாடு என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லுங்கள். அதில் வெற்றிலைக்கு இடமில்லை. இதைப் படித்துவிட்டு எல்லாப் பெட்டிக்கும் வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள், பட்டறையை மூட வேண்டியிருக்கும். ஆனால் சில வீடுகளில் அந்தக் கேள்வியையே வைத்துக் குடும்பம் நடத்துகிறார்கள். அங்கே, உண்மை இங்கே இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று காட்டிவிட்டு நின்றுவிட வேண்டும். பிளேடை நீட்டலாம். கேட்காமல் சுரண்டக் கூடாது.

இதை ஜோஸ்பினிடம் பஸ்ஸில் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. "அடை நல்லா இருந்துதில்ல?" என்றுதான் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தை பிறந்ததும் பெட்டி மஞ்சக்குப்பத்துக்கு வந்தது. மூன்றாவது மாடிக்கு ஏற்றியதில் ஒரு கால் ஆடுகிறது என்று குமரன் கூப்பிட்டார். நானும் ஜோஸ்பினும் போனோம். ஹாலில் பெட்டி இருந்தது, பக்கத்தில் ஊஞ்சல் பலகை இரண்டு முக்காலிகள்மேல் பெஞ்சாகக் கிடந்தது. வைத்தியலிங்கம் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பழக்கத்தில் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நான் தரையில் குனிந்து, ஆடிய காலுக்கு ஒரு சின்னக் கட்டையை அண்டை கொடுத்துக்கொண்டிருந்தேன். குமரனின் மனைவி பெட்டியைத் துடைக்க வந்தவர், மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வழவழன்னு இருக்கே. இது என்னா மரம் மாமா?" என்று கேட்டார்.

"சீமை மரம்மா" என்றார் வைத்தியலிங்கம். குரலில் விளையாட்டே இல்லை. "எங்க மாமனாரு கப்பல்ல வரவழைச்சாரு. சபையில வெச்சி சொன்னாரு. அவரு சொன்னா சொன்னதுதான்."

அடுப்படியில் தாளிக்கிற சத்தம் நின்றது. தனம்மாள் கரண்டியோடு வந்து நிலையில் நின்றார். கணவரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னா மாமா இப்படிப் புளுகுறீங்க சின்னப் பொண்ணுகிட்ட?" என்றார். "எங்க வூட்டுக் கொல்லையில நின்ன பலாமரம்மா அது. அத வெட்டுன அன்னிக்கு நான் சோறே திங்கல. எங்கப்பா வெட்டுன மரம் எனக்குத் தெரியாதா?"

"அதெல்லாம் இல்ல. கப்பல்ல வந்தது."

"பலா."

"சீமை."

குமரனின் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்திருந்த என்னிடம், "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. இது என்னா மரம்?" என்றார்.

நான் நிமிர்வதற்குள், பெட்டிக்கு அந்தப் பக்கம் திருகு முடுக்கிக்கொண்டிருந்த ஜோஸ்பின் தலையைக்கூடத் தூக்காமல் பதில் சொன்னார்.

"சுரண்டணும்க்கா."